பெட்டி ஓடிக்கொண்டிருந்தது

ஹட் பே
12 மே 2024

ஜெரால்ட் அண்ணனுக்கு,

சிசிலியா எழுதுகிறேன். போனில் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். எழுதினால் படிப்பேன்.

இது ஒரு வேலை விஷயம். எனக்குக் காபிக்கொட்டை அரைக்கிற கைக் கிரைண்டர் ஒன்று வாங்க வேண்டும். சந்தையில் விற்கிற சாதாரண ரகம் இல்லை, நல்ல ரகம். ஹட் பே பின்கோடைப் போட்டால் இந்தத் தீவுக்கு டெலிவரி கிடையாது என்று வருகிறது. ஜங்லிகாட் முகவரிக்கு வரும் என்கிறது. உங்கள் ஒர்க்‌ஷாப் முகவரியைப் போட்டுக்கொள்ளட்டுமா? அங்கே வந்துவிட்டால் கப்பலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

இரண்டு கிரைண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஜெர்மனியில் செய்தது, வெளியே மெல்லிய மரத்தோல் போர்த்தி, தூள் விழக் கண்ணாடிக் குப்பி வைத்தது. இன்னொன்று தைவானில் செய்தது, முழுக்க உலோகம். இரண்டிலும் அரைக்கும் பல் எஃகு. இரண்டு வாரமாக ஊரார் எழுதியதையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்றும் தெரியாமல் போகிறது. உங்களுக்கு இயந்திரம் தெரியும். இந்த உப்புக் காற்றில் எது நிற்கும் என்று மட்டும் சொன்னால் போதும். படங்களை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன் என்பது தெரியும். வேறு எழுத எதுவும் இல்லை. டியூட்டி நடக்கிறது.

சிசிலியா


ஜங்லிகாட்
27 மே 2024

சிசிலியா,

கடிதம் கிடைத்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன் அண்ணி பிரிஸ்கில்லா ஈரக்கையோடு ஓடிவந்தாள். நான் படித்துக் காட்டினேன். “ஏழு மாசம் பேசாம இருந்திட்டு காப்பி மெஷினா கேக்குது அந்தப் புள்ள?” என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

முகவரியைப் போட்டுக்கொள். அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் எனக்குப் புரியவில்லை. நாள் முழுக்க வார்டில் நிற்கிறவள் எதற்குக் காலையில் கையால் சுற்ற வேண்டும்? கரண்டில் ஓடுகிற கிரைண்டர் இங்கே பஜாரிலேயே கிடைக்கும். நாளைக்கே வாங்கி அனுப்புகிறேன். பட்டனை அமுக்கினால் முடிந்தது. நீ எழுதியிருக்கிற விலைக்கு நல்ல படகு புரொப்பெல்லர் வாங்கலாம்.

எது நிற்கும் என்று கேட்கிறாய். படத்தைப் பார்த்து நான் பதில் சொல்ல மாட்டேன். கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அம்மாவின் கல்லறையில் வைத்தே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். உன் கப்பல் வரும் என்று நானும்தான் இரண்டு நாள் பார்த்தேன். கடல் அப்படி இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய? அம்மாவை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டியில் மோட்டார் நின்றுபோனது. அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. அடக்கம் செய்துவிட்டோம். நீ இரண்டு நாள் கழித்து வந்து இறங்கினாய். பத்து நிமிடம் நின்றாய். என்னோடு வீட்டுக்குக்கூட வரவில்லை. அதே கப்பலில் ஏறிப் போய்விட்டாய். நானும் அம்மாவுக்குப் பிள்ளைதான்.

ஜெரால்ட்


ஹட் பே
14 ஜூன் 2024

அண்ணனுக்கு,

மோட்டார் வேண்டாம். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஜெனரேட்டர், ஆக்சிஜன் மெஷின், ஸ்டெரிலைசர். குவார்ட்டர்ஸுக்கு வந்தால் சத்தம் போடாத ஒன்று போதும். இங்கே காலையில் கரண்ட் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஏன் காபி என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அக்டோபரிலிருந்து எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. சோறு வாயில் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். நோயாளி ஒருவர் அழுதால் டிஷ்யூ எடுத்துக் கொடுப்பேன். அது எனக்குத் தெரிந்த வேலை என்பதால் கை செய்யும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேர் நான் முன்பைவிடப் பொறுமையாகிவிட்டேன் என்று பாராட்டக்கூடச் செய்தார்கள்.

ஜனவரியில் மெயின்லேண்டிலிருந்து டாக்டர் கோகுல் என்று ஒருவர் மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். சின்னப் பையன். அறையில் காபித் தூளைக் காகிதத்தில் கொட்டி, மேலே வெந்நீர் ஊற்றி வடிப்பார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்து எனக்கும் ஒரு கப் கொடுத்தார். குடித்தேன். “எப்படி சிஸ்டர் இருக்கு?” என்று கேட்டார். “புளிக்குது” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நன்றாக இல்லை என்று சொல்வதாக நினைத்துவிட்டார். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் என் நாக்கு சொன்ன முதல் விஷயம் அது.

அவர் போகும்போது வடிகட்டியும் காகிதமும் எனக்கு விட்டுப்போனார். கிரைண்டரை எடுத்துக்கொண்டு போனார். அது ஜெர்மன் கிரைண்டர். அதற்குப் பதிலாக நான் மலிவாக ஒன்று வாங்கினேன். பீங்கான் பல் வைத்தது. அதன் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது. பாதி மாவாக விழுகிறது, பாதி சரளைக்கல் மாதிரி விழுகிறது. மாவு கசப்பைக் கொடுக்கிறது, சரளை வெறும் தண்ணீராக வடிகிறது. இரண்டும் சேர்ந்தால் பழையபடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் நல்லதாக ஒன்று தேடுகிறேன்.

ஜெர்மன்காரனுடையதில் அரைத்து வடித்த காபி இனிப்பாக இருக்கும் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். நான் குடித்ததும் அதில் அரைத்ததுதான். ஆனால் எவ்வளவு நைசாக அரைக்க வேண்டும் என்பதை, குப்பியைக் கழற்றி அடியில் உள்ள சக்கரத்தைத் திருப்பி, கிளிக் எண்ணி வைக்க வேண்டும். தைவான்காரனுடையதில் வெளியே வளையம் இருக்கிறது, அதில் எண் போட்டிருக்கிறது. ஜெர்மனில் ஒரு ஆளுக்கான கொட்டை பிடிக்கும், கூடினால் இன்னும் அரை ஆளுக்கு. தைவானில் இரண்டு ஆளுக்குப் பிடிக்கும். நான் ஒரு ஆள்தான். மரத்தோல் இங்கே உரிந்துவிடுமா, எஃகுப் பல்லில் துரு ஏறுமா என்று தெரியவில்லை. இவ்வளவுதான் எனக்குள்ள குழப்பம்.

இதற்கு அடுத்த வரியாக ‘இயந்திரம் பற்றி நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்’ என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

அன்று கல்லறையிலிருந்து கப்பல் ஏற ஜெட்டிக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி, பெட்டி வாடகைக்கு விடும் ராஜமாணிக்கம் அண்ணன் கடையில் இறங்கினேன். பெட்டி எப்படிப் பழுதானது, எத்தனை மணிக்கு நின்றது, அம்மா எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று கேட்கத்தான் இறங்கினேன். நர்ஸுக்கு அதெல்லாம் தெரிய வேண்டியிருக்கிறது. அவர் என்னைக் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார். “நம்ம பெட்டி நல்லாத்தானம்மா ஓடுச்சு. நின்னிருந்தா அண்ணன் எனக்கு ஒரு போன் போட்டிருக்க மாட்டாரா? வேற பெட்டி கொண்டாந்திருப்பேன்ல?” என்றார். சுவிட்சைப் போட்டார். ஓடியது.

அடக்கம் செய்ததற்காக நான் பேசாமல் இருக்கவில்லை. இதற்காகத்தான்.

கிரைண்டர் பற்றி உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். பெட்டி பற்றி மறுபடி அதையே எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

சிசிலியா


ஜங்லிகாட்
9 ஆகஸ்ட் 2024

சிசிலியா,

எட்டு வாரமாகிவிட்டது. உன் கடிதத்தைக் கடையில் கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். தினமும் டப்பா எடுக்கும்போது தெரியும்.

முதலில் கிரைண்டரைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஹேவ்லாக் தீவில் ஒரு டைவிங் படகின் என்ஜின் வேலைக்குப் போனேன். படகு வைத்திருப்பவர் அஸ்வின், சென்னைக்காரர். மேலே அவர் அறையில் பார்த்தால் நீ எழுதிய இரண்டுமே இருக்கிறது. ஜெர்மனும் தைவானும் பக்கத்தில் பக்கத்தில். அதற்கென்று ஒரு தராசு வேறு. “இதெல்லாம் பைத்தியம், அண்ணே. ஒன்னு வாங்கினா இன்னொன்னு வாங்காம இருக்க முடியாது” என்றார். “ரெண்டையும் கழட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்ஜினை முதல்ல மாட்டுங்க, அப்புறம் பாக்கலாம்” என்றார். மாட்டிக் காட்டினேன். பிறகு கொடுத்தார்.

ஜெர்மன்: ஷாஃப்டில் ஆட்டமே இல்லை. மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங், நடுவில் தண்டு நேராக நிற்கிறது. பல்லை வெட்டியிருக்கிற சுத்தத்தை விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். செய்தவன் தொழில்காரன். ஆனால் அஸ்வினுடையதில் மரத்தோலின் கீழ் ஓரம் நகம் நுழைகிற அளவுக்குத் தூக்கியிருக்கிறது. இரண்டு மழைக்காலம் பார்த்ததாம். அது காற்றின் வேலை, செய்தவன் குற்றம் இல்லை. கண்ணாடிக் குப்பி ஒன்று முன்பே கை தவறி உடைந்து, வேறு வரவழைத்திருக்கிறார். ஹட் பேக்கு வேறு குப்பி வர எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துக்கொள்.

தைவான்: கொஞ்சம் கனம். கைப்பிடி நீளம், அதனால் சுற்ற இலேசு. அதே அளவு கொட்டையை ஜெர்மனில் ஒரு நிமிடம் சுற்றினேன், இதில் முக்கால் நிமிடத்தில் முடிந்தது. கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே முழுக்கப் பிரிக்கலாம், திரும்ப மாட்டினால் அதே இடத்தில் உட்காருகிறது. எனக்கு அது பிடித்தது. இதிலும் ஆட்டம் இல்லை.

துரு: இரண்டுமே எஃகுதான். தண்ணீர் காட்டினால் இரண்டிலும் புள்ளி விழும். கழுவவே கூடாது. பிரஷ்ஷால் தட்டி எடு, துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு வை.

எனக்குத் தெரியாதது: தைவானில் தூள் விழும் கோப்பை காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காந்தம் இந்தக் காற்றில் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ருசியும் தெரியாது. அஸ்வின் இரண்டிலும் அரைத்து வடித்துக் கொடுத்தார். ஜெர்மனில் இனிப்பு கூடுதல் என்று அவரும்தான் சொல்கிறார். எனக்கு இரண்டும் கஷாயம் மாதிரி ஒன்றாகவே இருந்தது. நாக்கு விஷயத்தில் என்னை நம்பாதே. ஹட் பேக்கு எது என்று கேட்டால், தைவான்.

இனி மற்றது.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா இறந்த மறுநாளும் கப்பல் இல்லை. அதற்கு மறுநாள் காலையில் ஜெட்டிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவன் தலையைத் தூக்காமலே “ஜஹாஜ் கேன்சல். கல் பூச்னா” என்றான். கப்பல் ரத்து, நாளைக்கு வந்து கேள் என்று. நாளைக்கும் அதைத்தான் சொல்வான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் “தங்கச்சி எப்ப வருது?” என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் புத்தி, எந்த மோட்டார் ஓடினாலும் காது அங்கே போய்விடும். பதினொரு நிமிடம் ஓடும். ஒரு உதறல் உதறி நிற்கும். நான்கு நிமிடம் அமைதி. மறுபடி ஓடும். அந்த நான்கு நிமிடத்தில் அம்மா இல்லை என்பது தெரிந்தது. ஓடும்போது தெரியவில்லை. காலையிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரைக்கும் அப்படியே போனது. அதற்கு மேல் என்னால் இன்னொரு தடவை அது நிற்பதைக் கேட்க முடியவில்லை.

ஃபாதர் வந்தார். “பெட்டி நின்னுபோச்சு ஃபாதர். அடக்கத்த இன்னிக்கே வச்சிடலாம்” என்றேன். யாரும் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. மெக்கானிக் சொன்னால் யார் சரிபார்ப்பார்கள்? சொன்ன பிறகு மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்துவிடக் கூடாதே என்று, ஆட்கள் வருவதற்குள் பிளக்கை நானே பிடுங்கினேன்.

உன்னைப் பற்றி அந்த நேரத்தில் நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். நினைத்துத்தான் பிடுங்கினேன்.

பிரிஸ்கில்லாவுக்குக்கூடத் தெரியாது. அன்றிலிருந்து சாப்பிடுகிறேன், என்ஜின் பிரிக்கிறேன், கோயிலுக்குப் போகிறேன். நீ எழுதியிருக்கிற மாதிரிதான். எனக்கு அதை இப்படி எழுதத் தெரியாது.

ஜெரால்ட்


ஹட் பே
25 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

தைவானையே போடச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டேன். உங்கள் முகவரிக்கு வரும்.

மற்ற பக்கத்தையும் படித்தேன். இரண்டு தடவை. படித்தால் கோபம் வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வரவில்லை. எதுவும் வரவில்லை. பிறகு யூனிஃபார்ம் இஸ்திரி போட்டேன்.

பிரிஸ்கில்லா அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் மட்டும் சொல்லி வைக்காதீர்கள். அதை நான் தனியாகத் தூக்க முடியாது.

சிசிலியா


ஜங்லிகாட்
17 செப்டம்பர் 2024

சிசிலியா,

பார்சல் நேற்று வந்தது. பிரித்துப் பார்த்தேன், கோபிக்காதே. கப்பலில் போன பிறகு குறை தெரிந்தால் திருப்பி அனுப்புவது உனக்குக் கஷ்டம். தண்டு நேராக இருக்கிறது. வளையம் எல்லா எண்ணிலும் சரியாக விழுகிறது. கொட்டை போட்டுச் சுற்றவில்லை, அதை நீ செய்.

பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்தாள், மீதி மீனையும் கழுவி முடித்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கிரைண்டர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இத ஆள் கிட்ட குடுத்தனுப்பாதீங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க” என்றாள்.

இதை நாளைக்குக் கப்பலில் அங்கே வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை கப்பலில் சீட் போட்டிருக்கிறேன். உனக்கு விருப்பம் இல்லை என்றால் ஜெட்டிக்கு வர வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிட்டு அதே கப்பலில் திரும்பிவிடுவேன்.

ஜெரால்ட்


ஹட் பே
29 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் இருந்த இரண்டு நாளும் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜெட்டியில் உங்களைப் பார்த்தபோது சட்டை தொளதொளவென்று இருந்தது. இவ்வளவு இளைத்துவிட்டீர்கள் என்று அண்ணி எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். கப்பலில் சாப்பிட்டேன் என்றீர்கள். பிறகு குவார்ட்டர்ஸ் வரும் வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

முதல் கப்பை நான் கெடுத்தேன். ரொம்ப நைசாக அரைத்துவிட்டேன், தண்ணீர் இறங்கவே இல்லை, வாயில் வைக்க முடியாத கசப்பு. அடுத்ததற்கு வளையத்தை நீங்கள் திருப்பினீர்கள். அது வெறும் தண்ணீர். “டியூனிங் பண்ணாம எந்த மெஷினும் ஓடாது” என்று சொல்லி நான்கு கப்புக்கும் எண்ணைக் காலண்டரில் எழுதிவைத்தீர்கள். நான்காவதில் எனக்குப் புளிப்பு தெரிந்தது. அதன் பின்னால் ஏதோ வெல்லம் மாதிரி ஒன்றும் தெரிந்தது. உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் கப்பில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு, பால் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கிளம்பும் அன்று காலையில் வாசலில் நின்று நீங்கள் சொன்னீர்களே. “அம்மா கடைசியில உன்னக் கேட்டாங்கன்னு சொல்லணும்னு வழியெல்லாம் நெனச்சிட்டு வந்தேன். கேக்கல, சிசிலி. யாரையும் கேக்கல. நெனவே இல்ல.” சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டீர்கள்.

நான் நர்ஸ். அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டார்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் வாசலிலேயே உங்களை விட்டு உள்ளே போயிருப்பேன். அதற்குப் பிறகு கடிதமும் இருந்திருக்காது.

நீங்கள் போன மறுநாள் வார்டில் எனக்குக் கோபம் வந்தது. ட்ரே கையில் இருந்தது, டொங்கென்று கீழே போட்டேன். தவறி விழவில்லை, போட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்து, நீங்கள் பிளக்கைப் பிடுங்கியதை முதலிலிருந்து கடைசி வரை நினைத்தேன். நன்றாகத் திட்டினேன். நீங்கள் கேட்டிருந்தால் இன்னொரு தடவை இங்கே வர மாட்டீர்கள். அன்று மத்தியானம் மெஸ்ஸில் குழம்பில் உப்பு கூடிவிட்டது. எனக்கே தெரிந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். கோபமே இப்போதுதான் வந்திருக்கிறது. அது இருக்கும் மட்டும் இருக்கட்டும்.

பதினான்காம் தேதி கோயிலில் அம்மாவின் முதல் ஆண்டு நினைவுத் திருப்பலி என்று அண்ணி போனில் சொன்னார்கள். ஆமாம், அண்ணியின் போனை எடுத்தேன். லீவு போட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதிக் கப்பலில் சீட் கிடைத்திருக்கிறது. அக்டோபர் கடலை நம்பி எதுவும் சொல்ல முடியாது. அது உங்களுக்கும் தெரியும்.

சிசிலி


ஜங்லிகாட்
5 அக்டோபர் 2024

சிசிலி,

இதை நாளைக்கு ஹெலிகாப்டரில் அங்கே வருகிற ஒரு டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபால் நீ கிளம்புவதற்கு முன்னால் வந்து சேருமா என்று தெரியவில்லை.

வானிலை சரியில்லை. மீன்பிடிப் படகுகளை எல்லாம் உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி கப்பல் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்கிறார்கள்.

நேற்று மாலை ஃபாதரைப் பார்க்கப் போனேன். போன வருடம் அவரிடம் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். பிறகு “ஆண்டுத் திருப்பலி பதினாலுதானே?” என்று நோட்டை எடுத்தார். “பதினாலுன்னு எழுதாதீங்க ஃபாதர். தங்கச்சி வந்த பிறகு வைக்கலாம்” என்றேன்.

“எத்தனை நாள் தள்ளணும்?” என்று கேட்டார்.

“கப்பல் வர்ற வரைக்கும்” என்றேன்.

ஜெரால்ட்